பேட்டரிக்கும் வந்தாச்சு பாஸ்போர்ட்! ஓசூர் வரைக்கும் எட்டும் ஐரோப்பா சட்டம்

வெளிநாடு போற ஆளுக்கு பாஸ்போர்ட் கேட்பாங்க, தெரியும். பேட்டரிக்கும் பாஸ்போர்ட் கேட்டால்?

ஐரோப்பிய யூனியன் கேட்கிறது. 2027-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி முதல் அங்கே விற்பனைக்கு வரும் மின்சார கார், ஸ்கூட்டர், சைக்கிள் பேட்டரிகளுக்கும், 2 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் சேமிக்கும் தொழிற்சாலை பேட்டரிகளுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். 2023-ல் போட்ட சட்டம் இது. பேட்டரி மேல் ஒரு கியூ.ஆர். கோடு இருக்கும். செல்போனை காட்டினால் அதன் ஜாதகமே வந்து விழும்.

ஸ்கூட்டர் பேட்டரி 25 கிலோ வரை இருந்தால் ஒரு வகை, அதுக்கு மேல போனால் வேறு வகை. எந்த வகையானாலும் பாஸ்போர்ட்டில் இருந்து தப்ப முடியாது. செல்போன் பேட்டரிக்கும், பெட்ரோல், டீசல் வண்டியை ஸ்டார்ட் பண்ணுற பேட்டரிக்கும் மட்டும் விலக்கு.

அங்கே நடக்கிற கூத்து நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். நிறுவனம் ஐரோப்பாவில் வண்டி விற்கப்போவதாக 2024-லேயே அறிவித்து விட்டது. அந்த ஊரை குறிவைக்கும் எந்த கம்பெனிக்கும், அதுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சின்ன பட்டறைக்கும் இந்த கேள்வி வந்தே தீரும்.

என்னென்ன கேட்கிறார்கள்?

தயாரித்தது யார், எந்த ஊர், எந்த மாதம், எத்தனை கிலோ, உள்ளே என்ன ரசாயனம், எத்தனை முறை சார்ஜ் தாங்கும், எப்படி கழற்றுவது... இதெல்லாம் பாதி வேலைதான். தயாரிக்கும்போது எவ்வளவு கரிப்புகை வெளியானது என்ற கணக்கும் வேணும். அதையும் மாடல் வாரியாக, ஆலை வாரியாக தரணும். ஒரே பேட்டரியை 2 ஆலையில் செய்தால் 2 கணக்கு!

தலைவலியே இங்கேதான். செல் ஒரு நாட்டில் இருந்து வருது. அதுக்குள் இருக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டு சுரங்கத்தில் தோண்டியது. நடுவில் எத்தனை கை மாறியது என்று பேட்டரியை பூட்டுற கம்பெனிக்கே தெரியாது. சப்ளையரிடம் கேட்டால் 'அது எங்க ரகசியம்' என்கிறார்.

வோல்வோ கம்பெனி 2024-ல் 'இ.எக்ஸ்.90' காருக்கு முதல் பாஸ்போர்ட்டை கொண்டு வந்தது. ஒரு காருக்கு ஆகும் செலவு சுமார் 10 டாலர்தான். ஆனால் அதை உருவாக்க 5 வருஷத்துக்கு மேல் பிடித்தது. ஆக, பிரச்சினை காசு இல்லை. தகவலை திரட்டுவதுதான்.

ஷிப்டு நோட்டு செல்லுமா?

உதாரணத்துக்கு, காலை ஷிப்டில் ஒரு லாட் செல் ஓடுது. மதியம் அது தீர்ந்து அடுத்த லாட்டை பிரிக்கிறார்கள். சூப்பர்வைசர் நோட்டில் 'லாட் மாற்றம், 2 மணி' என்று எழுதுகிறார். இதுவரை அது போதும். இனி போதாது. ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி நம்பர், தனி பாஸ்போர்ட். எந்த நம்பருக்குள் எந்த லாட் போனது என்று அப்பவே ஸ்கேன் பண்ணி ஏற்றணும். அந்த வேலை லைனில் நிற்கிற தொழிலாளி தலையில்தான் விழும். அதுக்கு நேரம் ஒதுக்காமல் பழைய டார்கெட்டையே கேட்டால் தப்பு தப்பாகத்தான் பதிவாகும். நிர்வாகங்கள் இதை முதலில் யோசிக்கணும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கோபால்ட், லித்தியம், நிக்கல், கிராபைட் எங்கிருந்து வந்தது என்று சோதிக்கும் விதியை 2025-ல் இருந்து 2027 ஆகஸ்டுக்கு தள்ளி வைத்தார்கள். அதை பார்த்து பாஸ்போர்ட்டும் தள்ளிப்போச்சுன்னு சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த உத்தரவு பாஸ்போர்ட் தேதியை தொடவே இல்லை.

எல்லா தகவலும் எல்லாருக்கும் தெரியாது. பொதுமக்களுக்கு ஒரு பகுதி, ரிப்பேர் செய்பவர், உடைத்து பிரிப்பவருக்கு கூடுதல் பகுதி, பரிசோதனை ரிப்போர்ட் அதிகாரிகளுக்கு மட்டும்.

பழைய பேட்டரியை வாங்கி சரிபண்ணி மறுபடி விற்பவர் புது பாஸ்போர்ட் போட்டு, பழையதோடு இணைக்கணும். பொறுப்பும் அவர் கைக்கு மாறிவிடும். பேட்டரியை மறுசுழற்சி செய்து முடித்தால்தான் பாஸ்போர்ட்டும் காலாவதியாகும்.