வாயைப் பொத்திய சுற்றறிக்கை

"பிணம் தேடுகிற இடத்தில் கல்லைத் தட்டிப் பார்க்கிற ஆசாமிக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆனால் முதல் சண்டை, 2024 ஆகஸ்டு முதல் தேதி கேரள சர்க்காரின் பேரிடர் நிர்வாகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையோடு.

வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போய் இரண்டே நாள் ஆகியிருந்தது. அப்போது பார்த்து உத்தரவு வருகிறது: மாநிலத்து விஞ்ஞான ஸ்தாபனங்கள் அனுமதியில்லாமல் மேப்பாடி பஞ்சாயத்துக்குள் ஆராயப் போகக் கூடாது, விஞ்ஞானிகள் தங்கள் அபிப்பிராயத்தையோ ஆய்வறிக்கையையோ பத்திரிகைகளுக்குச் சொல்லக் கூடாது! கூச்சல் கிளம்பியதும் முதல் மந்திரி தலையிட்டார். உத்தரவு வாபஸ் ஆயிற்று. சரி. அப்படி ஒன்றை எழுதத் தோன்றியதே, அந்தப் புத்தியைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

பீதி கிளம்பும் என்று சமாதானம் சொல்லலாம். 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஜூலை 30 விடியுமுன் இருட்டில் மலை இறங்கி வந்து இருநூறு பேருக்கு மேல் கொண்டுபோன ஊரில், பீதியைக் கிளப்ப ஒரு விஞ்ஞானி வேறு வேண்டுமா?

அந்த ஆசாமி அங்கே என்னதான் செய்கிறார்? சரிவு தொடங்கிய இடத்தைத் தேடி ஏறுகிறார். வயநாட்டில் அது சுமார் 1,550 மீட்டர் உயரம். அங்கிருந்து பாறையும் சேறும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. அறுந்த விளிம்புக்கு மேலே புதிதாய் வெடிப்பு ஓடியிருக்கிறதா, மரங்கள் சாய்ந்திருக்கின்றனவா, ஊற்றுக் கசிகிறதா, கசிவது தெளிவா கலங்கலா என்று பார்க்கிறார். அன்று ஒரே இரவில் மலை ஒரு தடவையோடு நிற்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். கீழே மண்வெட்டியோடு நிற்கும் சிப்பாயின் தலைக்கு மேல் இன்னும் எவ்வளவு தொங்குகிறது என்று வேறு யார் சொல்வது? பிறகு சாவகாசமாய்ப் போகலாமே என்றால், அதற்குள் மண்வாரி இயந்திரமும் அடுத்த மழையும் தடயத்தைத் துடைத்துவிடும்.

எங்கள் ஜாதியையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதைக்காரர்களாகிய நாங்கள் 'மலை சீறியது' என்று எழுதிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவோம். அதே பஞ்சாயத்தைச் சேர்ந்த புத்துமலையில் 2019 ஆகஸ்டிலும் மண் சரிந்து 17 பேர் போனார்கள். அப்போதும் சீறியது என்றுதான் எழுதியிருப்போம். சீற்றமாம்! செங்குத்தான சரிவு, அதன்மேல் தளர்ந்த மண், அதற்குள் இறங்கிய தண்ணீர். இதில் கோபம் எங்கே வந்தது?

அந்த ஆகஸ்டு மாத நடுவில் ஜான் மத்தாய் தலைமையில் நிபுணர் குழு மலையேறிற்று. புஞ்சிரிமட்டம் இனிக் குடியிருக்க லாயக்கில்லை, சூரல்மலையில் பெரும்பகுதிக்குப் பயமில்லை என்று பார்த்துச் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பலாமா கூடாதா என்று தெரியாமல் முகாமில் பாய் விரித்துக் கிடந்தவர்களுக்கு, அதுவரை அதைச் சொல்ல ஆளில்லை.