முழுப் பாதையையும் நடந்து பார்ப்போம்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிப்பொறி அறிவியல்)

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பார்கள் நம் பெரியோர்கள். ஒரே உலையில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். இன்றைய இணையச் செயலிகளுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே என் கருத்து. ஏனெனில், இங்கே திரையில் தெரியும் பக்கத்தை ஒருவர் எழுதுகிறார். தரவுத்தளத்தை மற்றொருவர் அமைக்கிறார். பணம் செலுத்தும் பகுதியோ வேறொரு நிறுவனத்திலிருந்து வருகிறது. பல அடுப்புகளில் வெந்ததை ஒரு சோற்றைக் கொண்டு அறிய முடியுமா?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். மக்கள் மருத்துவக் காப்பீட்டில் சேர்வதற்காக ‘ஹெல்த்கேர்.கவ்’ என்னும் இணையதளத்தை அந்நாட்டு அரசு 2013 அக்டோபர் 1ஆம் நாள் திறந்தது. இலட்சக்கணக்கானோர் வந்து குவிந்தனர். முதல் நாளில் கடைசிப் படி வரை சென்று சேர்ந்தவர்கள், அரசின் உட்குறிப்புகளின்படி, ஆறே பேர்! முழு அமைப்பையும் ஒன்றுசேர்த்துச் சோதித்தது திறப்பு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்த நிறுவனத்தார் பின்னர் நாடாளுமன்றக் குழுவின்முன் கூறினர்.

இத்தகைய முழுச் சோதனையை மனிதர் ஒவ்வொரு முறையும் செய்வது கடினம். அதனால்தான் அதையும் கணிப்பொறியிடமே ஒப்படைக்கிறார்கள். சோதனை நிரல் தானே உலாவியைத் திறக்கும், பெயரைத் தட்டும், பொத்தானை அழுத்தும், இறுதியில் விண்ணப்ப எண் வந்ததா என்று பார்க்கும். 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய ‘செலினியம்’, 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘பிளேரைட்’ ஆகிய இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. நாம் படிக்கும் ஜாவாவிலும் பைத்தானிலும் இவற்றுக்கு நிரல் எழுதலாம். பிளேரைட்டில் நாம் பக்கத்தில் அழுத்துவதைப் பார்த்துத் தானே நிரலாக எழுதித்தரும் வசதியும் உண்டு.

தொடங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. முதலில் ஒரே ஒரு பாதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அதன் மேல் எழுதியிருக்கும் பெயரைக் கொண்டு தேடுங்கள். இடத்தைக் கொண்டு தேடினால், பக்கத்தின் அமைப்பு மாறியதும் சோதனை முறியும். ‘ஐந்து விநாடி நில்’ என்று எழுதாதீர்கள்; ‘இச்சொல் தோன்றும் வரை நில்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு சோதனையும் தனக்கு வேண்டிய தரவைத் தானே உண்டாக்கிக்கொள்ளட்டும். பிறர் தளத்தில் சோதனை ஓட்டுவது முறையன்று.

இவ்வகைச் சோதனை மெதுவாக ஓடும் என்பது உண்மையே. ஆகவே சிறு பகுதிகளுக்குச் சிறு சோதனைகள் பல இருக்கட்டும். முழுப் பாதைக்குச் சில போதும். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியும், இல்லை என்று நிறுவ முடியாது என்றார் அறிஞர் டைக்ஸ்ட்ரா. அதற்காகச் சோதிக்காமலே விட்டுவிடலாமா?

நம்மில் பலர் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். விண்ணப்பப் பக்கம் பாதியில் நின்றால் கேட்பதற்கு நம் வீட்டில் ஆளில்லை. சென்ற ஆண்டு ஓர் உதவித்தொகைத் தளத்தின் கடைசிப் பக்கம் திறக்கவில்லை. கடவு எண் வரும் கைபேசி என் தந்தையிடம் இருந்ததால், உடன் வந்த அவருக்கு இரண்டு நாள் கூலி போயிற்று. அந்தத் தளத்தை எழுதியவர் திறமையற்றவராக இருக்கமாட்டார். கடைசிப் படி வரை ஒருவரும் நடந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்!

நாளை அத்தகைய தளங்களை எழுதப்போகிறவர்கள் நாம். ஆனால் நம் மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணியிலோ, வாய்மொழித் தேர்வன்று ஒருமுறை ஓடிக் காட்டினால் போதும் என்ற நிலையே காணப்படுகிறது. திட்டப்பணி ஒவ்வொன்றுடனும் ஒரு முழுப்பாதைச் சோதனையேனும் இணைக்கப்பட வேண்டும். அதற்கெனச் சில மதிப்பெண்களை ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே! நிரல் எழுதுவோம், எழுதியதை இறுதிப் படி வரை சோதிப்போம். நம்மை நம்பி வரிசையில் நிற்பவரின் ஒருநாள் கூலியைக் காப்பதும் கல்வியின் பயனன்றோ!