இரு காடுகளும் ஒரு கட்டளையும்

கல்லூரியொன்றின் விழா மலரிற் காட்டைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமோவெனச் சிலர் வினவலாம். வன்னியில் வளர்ந்தோர் அவ்வாறு வினவார். 1996 ஆம் ஆண்டிற் கிளிநொச்சி மக்கள் இடம்பெயர்ந்து தறப்பாளின் கீழ் வாழ்ந்த காலத்தில், மரநிழலிலும் வகுப்புகள் நடந்தன. அந்நிழலிலிருந்து கற்றோர் இன்று தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். ஆதலின் காட்டிற்கு நாம் பட்ட கடன் சிறிதன்று.

இப்பொழுது எம் மாணவர் கல்விச் சுற்றுலாவாக மலைநாடு செல்வது வழக்கமாகிவிட்டது. 2009 ஆம் ஆண்டுக்கு முன் பல்லாண்டுகளாக எம்மவர்க்கு எட்டாதிருந்த இன்பம் இஃது. அதனை நாம் குறை கூறோம். அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஹோட்டன் சமவெளியும் ஒன்று. கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த இப்பூமி, 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் மத்திய மலைநாட்டின் வேறு இரு காடுகளுடன் உலக மரபுரிமைச் சொத்தாயிற்று. அவுஸ்திரேலியாவின் தென்பாலுள்ள மழைக்காடுகளுக்கு அகலக்கோடு அளித்த குளிரை, வெப்பவலயத்திலுள்ள இக்காட்டிற்கு உயரம் அளித்துள்ளது.

ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் நீளமான சுற்றுப்பாதையில் நடந்தே இதனைக் காணல் வேண்டும். வைகறையிற் புறப்படாதார், உலக முடிவு எனப்படும் செங்குத்தான பள்ளத்தைக் காணாது மூடுபனியை மட்டுங் கண்டு மீள்வர். ஆயினும் அம்மூடுபனியே அக்காட்டின் செல்வமாகும். குட்டையாய் வளைந்து நிற்கும் மரங்களும், அவற்றைப் போர்த்த பாசியும் பனியைத் தடுத்து நீராக்கி நிலத்துக்கு இறக்குகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளும் இம்மலைப்புலத்தின் நீரைப் பெறுவன. இதனை அறியாது சென்று வருவோர்க்கு அப்பயணம் குளிரையும் நிழற்படத்தையும் தவிர வேறொன்றும் தாராது.

அங்கு எம் உள்ளத்தைத் தொட்டது நுழைவாயிலில் நிகழும் ஒரு சிறு செயலாகும். காவலர் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை அகற்றுகின்றனர். தண்ணீர்ப் போத்தலிற் சுற்றிய தாளையுங் களைகின்றனர். பின்னர், பாதையை விட்டு விலகாதீர் என்ற கட்டளை. மெல்லிய புல்லும் பாசியும் மிதிபட்டால் மீள்வது அரிது என்பதே அதற்குக் காரணம்.

இக்கட்டளை வன்னிப் பிள்ளைக்குப் புதிதன்று. மண்டையோடு தீட்டிய சிவப்புப் பலகைகளுக்கிடையே நடந்து பள்ளி சென்றவர்க்குப் பாதையை விட்டு விலகாதே என்பதே தாய் சொன்ன முதற் பாடம். அங்கே காட்டிடமிருந்து பிள்ளையைக் காக்கச் சொன்ன சொல். இங்கே பிள்ளையிடமிருந்து காட்டைக் காக்கச் சொன்ன சொல். முதற் பாடத்தைப் பிழையறக் கற்ற எம்மவர், இரண்டாவதையும் கற்றாலன்றிக் காட்டின் மீதுள்ள அச்சம் நீங்கி அன்பு பிறவாது.

ஆயின், அன்பு மலைக்காட்டுடன் நின்றுவிடலாகாது. அங்கே ஒரு தாளையும் போடாது அடங்கி நடந்த அதே மாணவர், ஊர் மீண்டபின் குளக்கட்டில் ஒலிபெருக்கியை முழக்கி, உண்ட பொட்டலத்தை நீரில் எறிதல் முறையாகுமா? காவலர் நிற்குமிடத்து மட்டுந் தோன்றும் ஒழுக்கம் ஒழுக்கமன்று.

எம் காட்டிற் காண்பதற்கு என்ன உண்டு என்பாருமுளர். முதிரையும் கருங்காலியும் பாலையும் வீரையும் உண்டு. கனகராயன் ஆறு உண்டு. அது வவுனியாப் பக்கத்துக் காடுகளின் நீரைத் திரட்டி வடக்கே ஓடி, 1920 இற் கட்டி முடிக்கப்பட்ட இரணைமடுக் குளத்தை நிறைத்து, வயல்களுக்கு உணவூட்டிச் சுண்டிக்குளக் கடனீரேரியைச் சேர்கிறது. அச்சுண்டிக்குளம் 2015 முதல் தேசிய பூங்காவாகும். மலைக்காடு மூன்று கங்கைகளுக்குச் செய்வதை, எம் காடு இவ்வொரு சிற்றாற்றுக்குச் செய்கின்றது. காடு அழியின் குளம் மண்ணால் தூர்ந்துபோம். குளம் தூரின் எம் வயல் என்னாகும்?

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். மலைநாட்டுச் சுற்றுலாவுக்கு உதவுவோர், ஆண்டுதோறும் வன்னிக்காட்டிலும் ஒரு நடைப்பயணத்துக்கு உதவுவாராக. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்பட்ட இடத்தில், உரிய அனுமதி பெற்று, மரங்களின் பெயரறிந்த முதியோரொருவர் முன்செல்ல மாணவர் நடக்கட்டும். சோறு தாமரையிலையிலோ வாழையிலையிலோ கட்டப்படுக. அரைமணி நேரம் பேச்சின்றி நடக்கப் பழகுக.

எம்மை அன்று மழையிலும் வெயிலிலுங் காத்த மரங்கள் கைம்மாறு கேட்டில. அவற்றின் பெயரையேனும் எம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டாமா?