கையொப்பத்துக்கு வந்த கடிதம்



சென்ற மாதம் மருதமுனையில் எமது பெண்கள் குழுவின் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும், ஒரு மாமி மட்டும் போகாமல் பாயைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றார். இப்படி நிற்பவர்களிடம் ஏதோ விடயம் இருக்கும் என்பது இத்தனை வருட வேலையில் எனக்குப் பழகிப்போனது. "என்ன மாமி?" என்று கேட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

பாடசாலையிலிருந்து வந்த கடிதம் அது. அவருடைய பேத்திக்கு 14 வயது. வலய மட்ட மெய்வல்லுநர் போட்டியில் 400 மீற்றரில் முதலாவதாக வந்திருக்கிறாள். மாகாணப் போட்டிக்கு அவளைத் தயார்படுத்த வேண்டும், பாடசாலை விட்ட பின்னர் வாரத்தில் நான்கு நாட்கள் அஸர் தொழுகைக்குப் பின்னர் வரை மறித்து வைக்கப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்று பயிற்றுவிப்பாளர் கேட்டிருந்தார்.

மாமியின் கதையை உங்களில் பலர் உங்கள் கதையாகவே அறிவீர்கள். 1990இல் வயலுக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. அப்போது மாமிக்கு இருபது வயது, மடியில் கைக்குழந்தை. தறியில் நெய்து அந்த மகளை வளர்த்தார். 2004 சுனாமியில் வீடு போனது. பிறகு மகளின் வாழ்க்கையும் சரிவரவில்லை. இன்று மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். பேத்தி மாமியிடம் வளர்கிறாள்.

நான் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளை ஓடுவது மார்க்கத்துக்குச் சரியா, ஊர் என்ன சொல்லும் என்றுதான் கேட்கப் போகிறார் என்று நினைத்துப் பதிலையும் மனதுக்குள் அடுக்கத் தொடங்கினேன். சமூகவியல் படித்தவர்களுக்கு உள்ள வருத்தம் இது. ஆளைப் பார்க்க முன்னரே எந்தப் பெட்டிக்குள் போடலாம் என்று பார்ப்போம்.

மாமி கேட்டது வேறு. "மகள், இந்த சேர் நல்ல மனிசனா எண்டு எப்படித் தெரிஞ்சு கொள்ளுறது? எங்கட சேர் மாதிரி ஒருத்தர் எண்டா கண்ணை மூடிட்டு வெப்பன் கையெழுத்து."

"எந்த சேர் மாமி?"

அப்படித்தான் அந்தக் கதை வந்தது. மாமியும் ஓடியவராம். 1984இல், அவருக்கும் 14 வயதாக இருந்தபோது, இல்ல விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓடி முதலிடம். அவருக்குப் பழக்கியவர் பக்கத்துத் தமிழ்க் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்த உடற்கல்வி ஆசிரியர். சுண்ணாம்பால் தானே கோடு போடுவார். ஓடி முடித்த பிள்ளைகளுக்குத் தோடம்பழத் துண்டும் குளுக்கோசும் தன் கைக்காசில் வாங்கி வருவார். பெண் பிள்ளைகள் பயிற்சி செய்யும் நாட்களில் ஓர் ஆசிரியையை மைதானத்தில் கதிரை போட்டு இருத்திவிட்டுத்தான் தொடங்குவாராம். அந்த வருடம் ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்ணொருத்தி மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்ட செய்தியை வானொலியில் கேட்டுவந்து, "நம்மட பக்கத்துப் பிள்ளை அது" என்று சொல்லிக் கண் கலங்கினாராம்.

1985இல் இங்கே இனக்கலவரம் மூண்டது. சேரின் சைக்கிள் சில மாதங்கள் வரவில்லை, பிறகு இடையிடையே வந்தது. 1990க்குப் பிறகு வரவேயில்லை. அவர் இறந்து நாலைந்து மாதத்துக்குப் பிறகுதான், மீன் விற்க வந்த ஒருவர் மூலம் மாமிக்குத் தெரிய வந்திருக்கிறது. "போய் ஒரு வார்த்தை சொல்லக் கிடைக்கல்ல மகள். அப்ப போற காலமா அது? சேட்டிபிகட்டையும் கடல் கொண்டு போயிட்டு. சேர்ர கையெழுத்து அதிலதான் கிடந்த."

அன்று மாமிக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, சேரைக் கண்கலங்க வைத்த அந்த ஓட்டத்தைப் பற்றி வாசித்தேன். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கதையாகச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்த இந்தியப் பெண் பி.ரி.உஷா. கேரளாவில் பையோலி என்ற கடலோர ஊரைச் சேர்ந்தவர். வறுமையும் நோயுமாக இருந்த சிறுமி. 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்கென விளையாட்டுப் பிரிவொன்றைத் தொடங்கியபோது தெரிவான 40 பேரில் ஒருவர். மாதம் 250 ரூபா உதவித்தொகை. அங்கே பயிற்றுவிப்பாளராக இருந்தவர் ஓ.எம்.நம்பியார். விமானப்படையில் இருந்தவர், தானும் ஓடியவர், பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவகத்தில் பயிற்றுவிப்பாளருக்கான பயிற்சி பெற்றவர். மெலிந்த உடம்பும் வேகமான நடையும் கொண்ட இந்தப் பிள்ளை அவருடைய கண்ணில் பட்டாள். நல்ல ஓடுபாதை இல்லாத இடத்தில் அவர் கண்டுபிடித்த மைதானம் கடற்கரை. பையோலிக் கடற்கரை மணலில் காலையும் மாலையும் ஓட வைத்தார். மணலில் ஓடினால் கால் புதையும், அதை மீறி ஓடும் காலுக்குப் பலம் வரும். நம் ஊரில் இல்லாத மணலா என்று கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்!

1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கான 400 மீற்றர் தடை தாண்டல் ஓட்டம் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது அந்த வருடம்தான். உஷாவை அந்த ஓட்டத்துக்குத் திருப்பியவர் நம்பியார். அரையிறுதியில் உஷா முதலாவதாக வந்தார். இறுதி ஓட்டத்தில் 55.42 செக்கன். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41. நூறில் ஒரு செக்கன்! கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒலிம்பிக் கிராமத்துச் சாப்பாடு ஒத்துவராமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுக் கொண்டுதான் ஓடியதாக உஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதும் கூட்டத்தில் எல்லோரும் "ஐயோ" என்றார்கள். கஞ்சி குடித்து நாள் கழித்தவர்களுக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கிவிடுகிறது.

அடுத்த வருடம் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் உஷா ஐந்து தங்கம் வென்றார். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு தங்கம். பயிற்றுவிப்பாளர்களுக்கென இந்திய அரசு ஏற்படுத்திய துரோணாச்சாரியார் விருது 1985இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களில் நம்பியாரும் ஒருவர். பத்மஸ்ரீ விருது மாணவிக்கு 1985இல் கிடைத்தது. ஆசிரியருக்கு 2021இல்! இடையில் 36 ஆண்டுகள். இது எனக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை. ஓடியவரைக் கண்ட கண்கள் ஓட வைத்தவரைக் காண இத்தனை காலம் எடுத்திருக்க வேண்டியதில்லை. அந்த விருது அறிவிக்கப்பட்ட நாளில் கூட அவர் பேசியது 1984இல் நழுவிய பதக்கத்தைப் பற்றித்தான். அன்று அழத் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை என்ற பொருளில் சொன்னார். அந்த வருடமே ஓகஸ்ட் 19ஆம் திகதி காலமானார். தன் குருவை, வழிகாட்டிய ஒளியை இழந்துவிட்டதாக உஷா எழுதினார். கேரளா முழுவதும் மக்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள். உஷா 2002இல் பெண் பிள்ளைகளுக்கென ஒரு தடகளப் பள்ளியைத் தொடங்கி, தன் குரு செய்த வேலையைத் தானும் செய்யத் தொடங்கியிருந்தார்.

அதே ஓட்டத்தில் தங்கம் வென்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் நவால் அல் முத்தவக்கில். மொரோக்கோ நாட்டு முஸ்லிம் பெண். அந்த நாட்டிலிருந்து அவ்வருட ஒலிம்பிக்குக்குப் போன குழுவில் ஒரே பெண் அவர்தான். முஸ்லிம் நாடொன்றிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதற் பெண்ணும் அவரே. அன்று பிறந்த பெண் குழந்தைகளுக்கு நவால் என்று பெயரிடுமாறு அந்நாட்டு மன்னர் அறிவித்தார். 1983இல் படிக்கவென அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அவர். போன சிறிது காலத்திலேயே வாப்பா மௌத்தாகிவிட்டார். மகள் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்ட வாப்பா அவர். வாப்பா இல்லாத அந்த நாட்களில் மைதானத்தில் நின்றவர்கள் பல்கலைக்கழகப் பயிற்றுவிப்பாளர்கள். ஆனால் 1985 நவம்பர் 25ஆம் திகதி, போட்டியொன்றில் இரண்டாமிடம் பெற்றுத் திரும்பிக் கொண்டிருந்த மாணவிகளின் சிறிய விமானம் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ரொன் றென்கோ, பற் மொய்னிஹான் என்ற இரு பயிற்றுவிப்பாளர்களும் அதில் போய்விட்டார்கள். நவால் அந்த விமானத்தில் இல்லை. பிற்காலத்தில் தன் நாட்டின் விளையாட்டு அமைச்சராகவும் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் துணைத் தலைவராகவும் ஆனார். 1993இல் கஸபிளங்காவில் பெண்களுக்கென ஓர் ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிள்ளையோடு தாய்மாரும் ஓடும் ஓட்டம் அது.

இன்னொருவரைப் பற்றியும் கூட்டத்தில் சொன்னேன். எங்கள் பெண்களுக்கு அதிகம் பிடித்தது அந்தக் கதைதான். டீன் சிமித் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். கறுப்பின மாணவர்களை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் முதன்முதலாக ஒரு கறுப்பின மாணவரைப் புலமைப்பரிசிலோடு தன் அணியில் சேர்த்தவர். பந்தைக் கூடைக்குள் போட்டவர், அந்தப் பந்தைத் தனக்குத் தந்தவரை விரல் நீட்டிக் காட்டி நன்றி சொல்ல வேண்டும் என்று பழக்கியவர். கடைசிக் காலத்தில் ஞாபகமறதி நோய் அவரைப் பீடித்தது. 2015 பெப்ரவரியில் இறந்தார். சில வாரங்களில், அவரிடம் ஆடிய ஏறத்தாழ 180 பேருக்கும் தபாலில் தலா 200 டொலர் வந்து சேர்ந்தது. வெளியே போய் நல்லதொரு சாப்பாடு சாப்பிடும்படி தன் மரணசாசனத்தில் எழுதி வைத்திருந்தார்.

"வஸிய்யத்தா?" என்று கேட்டார் மாமி. "ஓம் மாமி, வஸிய்யத்துத்தான்." "எங்கட சேரும் தோடம்பழத்துக்கு எழுதி வெச்சிருப்பார், காசு இருந்தா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இனி, மாமி முதலில் கேட்ட கேள்வி. நல்ல மனிதரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது சகோதரிகளே. பெயரும் புகழும் உள்ளவர்களிடம் பிள்ளைகள் துன்பப்பட்ட சம்பவங்கள் உலகமெங்கும் வெளிவந்திருக்கின்றன. ஆகவே நம்புவதற்கு முன் கேளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவல்ல. பயிற்சி நேரத்தில் பெண் ஆசிரியை ஒருவர் நிற்பாரா? எத்தனை பிள்ளைகள்? எத்தனை மணிக்கு முடியும், யாரோடு வீடு வருவாள்? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் எங்கே தங்குவது? தனியாக அழைப்பது, கைத்தொலைபேசியில் இரகசியமாகச் செய்தி அனுப்புவது, "வீட்டில் சொல்லாதே" என்பது, இதில் எது நடந்தாலும் அது பயிற்சி அல்ல என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். அதிபரிடம் சொல்லலாம், 1929 என்ற சிறுவர் பாதுகாப்பு இலக்கத்துக்கும் அழைக்கலாம். நல்ல பயிற்றுவிப்பாளர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். மாமியின் சேர் யாரும் கேட்காமலே ஆசிரியைக்குக் கதிரை போட்டவர்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலையை மூடிக்கொண்டு ஓடுவதற்குத் தடையில்லை. கூடைப்பந்தில்தான் சர்வதேச விதி நீண்ட காலம் இடம் தரவில்லை. வீராங்கனைகள் போராடிக் கேட்ட பிறகு 2017இல் அந்த விதியும் மாறியது. ஓடும் பிள்ளைக்குச் சாப்பாடு முக்கியம். கௌபி, முட்டை, நெத்தலி, கீரை நம் வீட்டில் உள்ளவைதான். மாதவிடாய் நாட்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதைச் சொல்ல அங்கே ஒரு பெண் இருக்க வேண்டும், அதற்காகவும் அந்தக் கதிரை தேவை.

மாமி பேத்தியோடு பாடசாலைக்குப் போனார், நானும் கூடப் போனேன். எல்லாக் கேள்வியையும் அவரே கேட்டார். இளம் ஆசிரியர், கொஞ்சம் தடுமாறினார், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பெண் ஆசிரியை இரண்டு நாட்கள்தான் நிற்கலாம் என்றார். "அப்ப ரெண்டு நாள் அவ, ரெண்டு நாள் நான்" என்று சொல்லி மாமி கடிதத்தின் கீழே அதை எழுதச் சொல்லிக் கையொப்பமிட்டார். இப்போது திங்களும் புதனும் தறியை அஸருக்கு முன்னரே நிறுத்திவிட்டு மைதானத்துக்குப் போகிறார். பேத்தி புறப்படும் விதம் சரியில்லை, முதல் அடியில் நிமிர்ந்துவிடுகிறாள் என்று என்னிடம் குறை சொல்கிறார்.

அந்தப் பழைய சேரின் மனைவி இன்னும் இருக்கிறார், மகளோடு அதே கிராமத்தில்தான் என்று விசாரித்து அறிந்தோம். மூன்று மைல் கூட இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை போவதாக முடிவு. என்ன கொண்டு போவது என்று மாமி இரண்டு நாளாக யோசிக்கிறார். வட்டிலப்பம் செய்யலாம் என்றேன். "முட்டை போட்டது மகள், வெள்ளிக்கிழமை அவங்க மரக்கறியோ தெரியா" என்றார். கடைசியில் தோடம்பழம் வாங்குவதென்று தீர்ந்தது.