வேண்டுகோள் வேண்டாம், உத்தரவு போடுங்கள்

வறட்சி வந்தால் பினாங்கின் ஆயர் ஈத்தாம் அணையும் தெலுக் பகாங் அணையும் இறங்குகின்றன. வழக்கம்போல வேண்டுகோளும் வந்துவிடுகிறது: தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள். பார்த்துச் செலவழிப்பது என்றால் என்ன, எத்தனை வாளி, எந்த நேரம், யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அரசு சொல்லாமல் விட்டதை இப்போது அண்டை வீட்டார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதுதான் என்னை இதை எழுத வைத்தது.

குளுகோர் பக்கத்துத் தாமான் ஒன்றின் குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய படத்தை எனக்கும் ஒருவர் அனுப்பியிருந்தார். விடிகாலை. வயதான அம்மா ஒருவர் கையில் பச்சை ரப்பர் குழாய். ஈரச் சிமெண்டுத் தரை, ஓரத்தில் அரிசி மாவுக் கிண்ணம். படத்தின் கீழே மலாய் மொழியில் ஒரே வரி: இதுதான் சிக்கனமா? பத்து நிமிடத்தில் பதில் படம் வந்தது. கேட்டவரின் வீட்டு வாசலில் சோப்பு நுரையோடு நிற்கும் கார். அடுத்து மூன்றாவது வீட்டின் மீன் தொட்டி. அதற்குப் பிறகு வந்த பேச்சில் தண்ணீரே இல்லை. யார் எந்தப் பண்டிகைக்கு எவ்வளவு வீணடிக்கிறார்கள் என்ற கணக்குத்தான் இருந்தது.

பினாங்கில் இது சின்ன விஷயமல்ல. நம் வீடுகளில் வாசல் தெளிக்காமல் பொழுது விடிவதில்லை. சீன அண்டை வீட்டார் பெருநாளுக்கு முன்பு வீட்டையும் ஐந்தடி நடையையும் தேய்த்துக் கழுவுவார்கள். மலாய் வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து வேளைத் தொழுகைக்கு முன் ஒளு. ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுத் தண்ணீர் கடமை, அடுத்த வீட்டுத் தண்ணீர் ஊதாரித்தனம். தைப்பூசத்தன்று காவடி வரும் வழியில் சுடும் தார்ச்சாலைக்குத் தண்ணீர் ஊற்றுவது நமக்குப் புண்ணியம். அதை மாடியிலிருந்து பார்க்கும் வேற்றினத்தவருக்கு அது என்னவாகத் தெரியும் என்று நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? எது வீண் என்பதை அரசு தீர்மானிக்காமல் விட்டால், அதை இனம் தீர்மானிக்கும். இந்த ஊரில் அதை அனுமதிக்க முடியாது.

இதற்கு நேர்மாறான காட்சியை 2024-இல் பார்த்தோம். ஜனவரி 10 முதல் 14 வரை நான்கு நாள், சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் கசிந்துகொண்டிருந்த இரண்டு பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகக் குழாய்கள் நின்றன. சுமார் 590,000 பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்த நான்கு நாளும் அக்கம்பக்கம் எப்படி இருந்தது? தண்ணீர் லாரி வந்தால் ஒருவர் மற்றவர் கதவைத் தட்டிக் கூப்பிட்டார். பெரிய தொட்டி வைத்திருந்தவர் பிள்ளைக்குட்டிக்காரருக்கு இரண்டு வாளி கொடுத்தார். அடுக்குமாடியில் லிஃப்ட்டுக்கு நின்ற பெரியவர் கையிலிருந்த வாளியை இளைஞன் வாங்கிக்கொண்டான். யாரும் யாரையும் படம் பிடிக்கவில்லை. ஏனென்றால் தேதி தெரிந்தது, நேரம் தெரிந்தது, எல்லோருக்கும் ஒரே விதி. குழாய் நின்ற நான்கு நாளில் வராத பகை, குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது வருகிறது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் சிலர் பெங்களூரைக் காட்டுகிறார்கள். 2024 மார்ச்சில் அந்த நகரக் குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரில் கார் கழுவினாலும், தோட்டத்துக்கு ஊற்றினாலும், கட்டுமானத்துக்கோ அலங்கார நீரூற்றுக்கோ பயன்படுத்தினாலும் 5,000 ரூபாய் அபராதம். மீறுபவரைக் கண்டால் 1916 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கும் அப்படி ஓர் எண் வேண்டும் என்கிறார்கள். உத்தரவு சரி. அந்த எண்தான் விஷம். முதல் சில நாட்களில் பெங்களூரில் அபராதம் கட்டிய வீடுகள் 22. வசூல் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய். ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தில் 22 வீடு! அந்த 22 வீட்டுத் தண்ணீரால் எந்த ஏரியும் நிரம்பியிருக்காது. எத்தனை தெருக்களில் பேச்சுவார்த்தை நின்றுபோனது என்பதை எந்த வாரியமும் கணக்கெடுப்பதில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதை ஆஸ்திரேலியா பார்த்துவிட்டது. 2007 அக்டோபர் கடைசியில், கடும் வறட்சிக் கட்டுப்பாடு நடப்பிலிருந்த சிட்னியில், 66 வயது முதியவர் தன் வீட்டு முன்புறப் புல்லுக்குக் கையில் குழாய் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்த ஒருவர் தட்டிக் கேட்டார். வாய்ச்சண்டை கைகலப்பானது. முதியவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அவர் எந்த விதியையும் மீறவில்லை, அனுமதிக்கப்பட்ட முறையில்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். விதி எழுத்தில் தெளிவாக இருந்தும், அதைக் காவல் காக்கும் வேலையைத் தெருவில் போகிறவர் தன் தலையில் எடுத்துக்கொண்டார். கலிபோர்னியாவில் 2015-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் நகர்ப்புறப் பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க உத்தரவிட்டபோதும், பச்சைப் புல்வெளி வைத்திருந்தவர்களின் வீட்டுப் படங்கள் முகவரியோடு சமூக ஊடகங்களில் அலைந்தன. விதி மட்டும் போதாது, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கும் ஆளும் வேண்டும்.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். பல ஆண்டுகளாக நான் சொல்லிச் சொல்லி நண்பர்கள் சலித்துப்போன எண். ஆனாலும் சொல்வேன். பினாங்கில் ஒருவர் ஒரு நாளைக்கு வீட்டில் செலவழிக்கும் தண்ணீர் பல ஆண்டுகளாக 280 லிட்டரை ஒட்டியே நிற்கிறது. நாட்டிலேயே உச்ச வரிசையில் இருக்கும் அளவு இது. 165 லிட்டர் போதும் என்று நம் அதிகாரிகளே மேடைதோறும் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் 2018-இல் 141 லிட்டர். நம்மில் பாதி. அவர்கள் நம்மைவிடக் குறைவாகக் குளிக்கிறார்களா? அழுக்காக இருக்கிறார்களா? அதே வெயில், அதே வியர்வை, அதே தமிழர், சீனர், மலாய்க்காரர். அங்கும் விடிந்தால் கோலம் உண்டு, தைப்பூசம் உண்டு.

வேறுபாடு விலையில் இருக்கிறது. 2024 ஜனவரி வரை பினாங்கு வீடுகளுக்கு மாதத்தின் முதல் 35,000 லிட்டருக்குச் சராசரிக் கட்டணம் ஆயிரம் லிட்டருக்கு 32 சென். முப்பத்தைந்தாயிரம் லிட்டருக்கும் சேர்த்துப் பதினோரு ரிங்கிட்டைச் சற்றே தாண்டும். ஒரு குடும்பத்தின் மாதத் தண்ணீர், கறியும் முட்டையும் வைத்த ஒரு தட்டு நாசி கண்டார் விலைக்கு! சிங்கப்பூரில் 2017 ஜூலையிலும் 2018 ஜூலையிலும் இரண்டு கட்டமாக 30 விழுக்காடு ஏற்றினார்கள். அதன் பிறகு ஆயிரம் லிட்டர், வரியும் கழிவுநீர்க் கட்டணமும் சேர்த்து, 2 டாலர் 74 காசு ஆனது. அன்றைய மாற்று மதிப்பில் நம் காசில் போட்டால் நம்மைப்போல ஏறத்தாழ 25 மடங்கு. அங்கே எந்த அண்டை வீட்டாரும் படம் பிடிக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் பில் வந்து பேசுகிறது.

நம்மிடமும் அதற்கான தொடக்கம் இருந்தது. 2010 வறட்சிக்குப் பிறகு, அந்த ஆண்டு நவம்பரில், மாதம் 35,000 லிட்டரைத் தாண்டினால் ஆயிரம் லிட்டருக்கு 24 சென் கூடுதல் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். பிறகு அதை 48 சென் ஆக்கினார்கள். நல்ல யோசனை, பல்லில்லாத யோசனை. தலைக்கு 280 லிட்டர் செலவழிக்கும் நான்கு பேர் குடும்பத்தைக்கூட அது தொடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் 33,600 லிட்டர். வரம்புக்குள்தான். நாட்டிலேயே உச்ச வரிசையில் செலவழிக்கும் மக்களைச் சிக்கனம் பழக்கும் கட்டணம், அவர்களைத் தொடாமலே கடந்து போனது. 2024 பிப்ரவரி முதல் தேதி தீபகற்பத்திலும் லாபுவானிலும் கனமீட்டருக்குச் சராசரி 22 சென் ஏற்றினார்கள். அதற்கே ஊரெல்லாம் கூச்சல் எழுந்தது. அந்த 22 சென்னில் யார் வாசல் கழுவுவதை நிறுத்துவார்?

கட்டணம் ஏற்றினால் ஏழை பாதிக்கப்படுவார் என்று உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். ஏழைக்குத் தள்ளுபடி கொடுங்கள், விஷயம் முடிந்தது. ஏழையைக் காட்டி நீச்சல் குளத்துக்கு மலிவுத் தண்ணீர் வாங்கித் தருவது சமூக நீதி ஆகாது. இன்னொரு கோஷ்டி, முதலில் குழாய்க் கசிவை அடையுங்கள் என்கிறது. கசிவை அடைக்க வேண்டும்தான். ஆனால் நாட்டுச் சராசரியைவிட நம் இழப்பு குறைவு. கசிவு முழுக்க அடையும்வரை குழாயைத் திறந்தே வைப்பேன் என்பவரோடு வாதிட்டுப் பயனில்லை. தீவில் பாதிப்பேர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், வாசல் தண்ணீரைக் கட்டுப்படுத்தி என்ன மிச்சமாகப்போகிறது என்று கேட்பவர்கள், ஒரு ரப்பர் குழாயை நிமிடக்கணக்கு வைத்து ஒரு முறை வாளியில் பிடித்துப் பார்க்கட்டும். நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் சாதாரணமாக வரும். இருபது நிமிடம் ஓட விட்டுக் கார் கழுவினால் 300 லிட்டர். மூன்று வாளியில் அதே காரைத் துடைத்தால் 45 லிட்டர்.

வேண்டுகோள்காரர்கள் மறந்துபோகும் இன்னொன்றும் உண்டு. மாநிலத் தண்ணீரில் பெரும்பங்கு, எண்பது விழுக்காட்டுக்கும் மேல், மூடா ஆற்றிலிருந்து சுங்கை டுவா வழியாக வருகிறது. தீவின் பெரும்பகுதிக்கும் அது கடலடிக் குழாய் வழியே வந்து சேர்கிறது. ஆயர் ஈத்தாம் அணை ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் வட்டாரத்துக்கு. தெலுக் பகாங் அணை பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா கரைக்கு. 86.4 பில்லியன் லிட்டராக விரிவாக்கப்பட்ட மெங்குவாங் அணை அக்கரையில். ஓர் அணை இறங்கினால் அந்த அணையின் மக்களுக்கு வேறு விதி, மற்றவர்களுக்கு வேறு விதி என்று போடுவது சாத்தியம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே மென்மையான வேண்டுகோள் விடுத்தால் யாருக்கும் அது பொருந்துவதில்லை. பாயா தெருபோங்காரர் வாளியில் அளந்து குளிக்கும் நாளில், வேறு அணையை நம்பியிருக்கும் கொண்டோவில் நீரூற்று ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பவருக்குக் கோபம் வராதா? வரும். அந்தக் கோபம் அரசிடம் போகாது, பக்கத்து வீட்டுக்கு வரும்.

அந்தக் கோபத்தை மூட்டாமலும் சிக்கனம் செய்ய வைக்கலாம். கேப் டவுனில் 2018-இல் தலைக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு போட்டார்கள். மீறும் வீடுகளில் அளவுக்கு மேல் வராமல் அடைக்கும் கருவியைப் பொருத்தினார்கள். கட்டணத்தைக் கடுமையாக ஏற்றினார்கள். கூடவே மாநகராட்சி ஒரு வரைபடம் வெளியிட்டது. மாதம் 6,000 லிட்டருக்குள் செலவழித்த வீட்டுக்குக் கரும்பச்சைப் புள்ளி, 10,500 லிட்டருக்குள் செலவழித்த வீட்டுக்கு இளம்பச்சைப் புள்ளி. மீறியவருக்குச் சிவப்புப் புள்ளி கிடையாது. 2015-இல் நாளொன்றுக்கு 1,200 மில்லியன் லிட்டர் குடித்த நகரம் பாதிக்கு இறங்கியது. அக்கம்பக்கத்தைப் பயன்படுத்தினார்கள், ஆனால் ஒற்றனாகப் பயன்படுத்தவில்லை.

தண்ணீர்ப் பங்கீட்டுக்கே தேசிய நீர்ச் சேவைகள் ஆணையமான ஸ்பானின் அனுமதி வேண்டியிருக்கும் நாட்டில், மாநிலம் தானாக எல்லாம் செய்துவிட முடியாது என்பது தெரியும். அதைச் சாக்காகச் சொல்லி 2010-இலிருந்து ஓட்டியாகிவிட்டது. முதலமைச்சர் சாவ் கொன் இயோவ் அடுத்த சட்டமன்றக் கூட்டத்திலேயே இதை வைக்க வேண்டும். அணை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அந்த அணையின் வட்டாரத்தில் வாசலிலும் தோட்டத்திலும் ரப்பர் குழாய்க்குத் தடை தானாக அமலுக்கு வரட்டும். வாளிக்கு அனுமதி, காலை ஏழு மணிக்குள். வாசல் தெளிக்கும் அம்மாவுக்கு அது தாராளம். கார் கழுவும் கடைக்கும், ஹோட்டலுக்கும், கொண்டோவின் குளத்துக்கும் அதே நாளில் அதே விதி. தடை நாட்களில் வீட்டுக்கு 20,000 லிட்டரைத் தாண்டும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் வலிக்கும் கட்டணம், வருமானம் குறைந்த குடும்பத்துக்கு விலக்கு. மீறலைக் கண்டுபிடிப்பது மீட்டர் படிப்பவரின் வேலை, அண்டை வீட்டாரின் வேலை அல்ல. புகார் எண் எதுவும் வேண்டாம். குடியிருப்பாளர் சங்கங்கள் தண்ணீர்ப் படங்களைக் குழுக்களில் போடுவதை இன்றைக்கே நிறுத்தலாம், அதற்குச் சட்டமன்றம் தேவையில்லை.

280 லிட்டர் 165-க்கு வந்தால், ஐந்து பேர் உள்ள ஒரு வீட்டில் மட்டும் மாதம் பதினேழாயிரம் லிட்டருக்கு மேல் மிஞ்சும். மாநிலம் முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள். மூடா ஆற்றுக்காகக் கெடா மந்திரி பெசார் சனுசி ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கேட்கும்போது நாம் நிமிர்ந்து பேசலாம். பேராக் ஆற்றுத் தண்ணீருக்காகப் பத்தாண்டுக்கும் மேலாக ஈப்போவின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தத் திட்டமே நமக்குத் தேவைப்படாமல் போகலாம். அதற்காக ஒதுக்க நினைக்கும் பணத்தைக் குழாய் மாற்றவும், ஏழை வீடுகளுக்குத் தொட்டி வைத்துத் தரவும் இந்த ஆண்டே திருப்பிவிடுங்கள்.