காக்கையும் பனம்பழமும்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று என்னைப் பற்றி நண்பர்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையல்ல. பேசியே தீரவேண்டிய ஒரு சமயத்தில் சும்மா இருந்தவன் நான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. அம்பத்தூர் ஓ.டி.க்குப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் டீக்கடை. நடிகர் விவேக் அன்று அதிகாலை காலமான செய்தி கடையில் எல்லார் வாயிலும் இருந்தது. எஸ்டேட்டில் முப்பது வருஷமாக லேத்தில் நிற்கிற டர்னர் ஒருவர், எனக்கு மூத்தவர், கையில் கிளாஸோடு சொன்னார்:

"வியாழக்கெழமை ஊசி போட்டுக்கினாரு. வெள்ளிக்கெழமை விழுந்துட்டாரு. இன்னிக்கு ஆளே இல்ல. இதுக்கு மேல இன்னா சார் சாட்சி வேணும்? எனக்குத் திங்கக்கெழமை ஊசி. நா போறதா இல்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாண்ணே, பாவம், நல்ல மனுஷன்" என்றேன். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சாவைப் பற்றிய பேச்சில் வாதம் செய்வது நாகரிகமல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்தார்கள். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று நினைக்காதே என்பதுதான் அதன் பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்திருந்த பழமொழி. எழுதப் படிக்கத் தெரிந்த நாம் அதை மறந்துவிட்டோம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடிப் பேர் இறக்கிறார்கள். அதில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதய நோய், ரத்தக்குழாய் நோய். அந்த ஏப்ரலில் நாடு முழுவதும் நாள் ஒன்றுக்குச் சுமார் 30 லட்சம் பேருக்கு ஊசி போட்டார்கள். அந்த 30 லட்சம் பேரையும் எந்த ஊசியும் போடாமல் சும்மா உட்கார வைத்து அனுப்பியிருந்தாலும், அடுத்த இரண்டு நாளில் அவர்களில் முப்பது பேராவது இதயம் நின்று இறந்திருப்பார்கள். அப்போது ஊசி போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் 45 வயதைத் தாண்டியவர்கள். ஆகவே எண்ணிக்கை இன்னும் கூடும். அந்தப் பேர்களில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. அவ்வளவுதான்.

விவேக்குக்கு இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாய் முழுவதும் அடைத்துப்போயிருந்தது என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அந்த மாதிரி அடைப்புக்கு வித்தாகும் கொழுப்பு ஒரு நாளில் படிவதல்ல, வருஷக்கணக்கில் படிவது. ஊசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் விசாரித்து, அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று 2021 அக்டோபரில் சொல்லிற்று. அக்டோபரில் யார் கேட்டார்கள்? வதந்தி ஏப்ரலிலேயே ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

இதிலே மனத்தை அறுக்கிற விஷயம் வேறு. அந்த மனிதர் ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குப் போய், காமிராக்களுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டதே ஜனங்களின் பயத்தைப் போக்கத்தான். ஆயுளெல்லாம் திரையில் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்தவர். 'சின்னக் கலைவாணர்' என்று பட்டம் வாங்கியவர். என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்து நமக்குச் சிரிக்கச் சிரிக்கப் புத்தி சொல்லியாகிவிட்டது. நாமும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால், 'இது பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொன்னது' என்று நினைத்துக்கொண்டே சிரித்தோம். மூடநம்பிக்கையைக் கேலி செய்தவரின் சாவையே ஒரு மூடநம்பிக்கையாக்கிவிட்டோமே, இதைவிடக் கொடிய கேலி உண்டா?

சினிமாவின் மேல் மட்டும் பழி போடவில்லை. ஆனாலும் அதற்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. நம் படத்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "எங்க கையில ஒண்ணும் இல்ல, இருபத்துநாலு மணி நேரம் போகணும்" என்பார். கதாநாயகி கோயில் மணியைப் பிடித்து ஆட்டுவாள். கட்டிலில் விரல் அசையும். 2011-இல் '7ஆம் அறிவு' வந்தது. போதிதர்மரின் ஆற்றலை மரபணு வழியாகத் தட்டி எழுப்பிக் கொள்ளைநோயை விரட்டுகிற கதை. கதை என்ற அளவில் எனக்கு ஆட்சேபணையில்லை. நானும் கதை எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆனால் 2020-இல் கொரோனா வந்ததும், "அப்பவே படத்தில் சொல்லிட்டாங்க" என்று அந்தக் கதையை ஆதாரமாகக் கைபேசியில் அனுப்பினார்களே, அதற்கு என்ன சொல்வது?

சின்ன வயதில் ஆவடிச் சந்தையில் கீரி பாம்புச் சண்டைக்காக நின்றிருக்கிறேன். "இதோ விடப்போறேன், இதோ விடப்போறேன்" என்று மணிக்கணக்காய்ச் சொல்வான். கடைசிவரை கீரியும் பாம்பும் சண்டை போடாது; தாயத்தும் லேகியமும் விற்றுத் தீர்ந்துவிடும். இப்போது அதே வித்தை கைபேசிக்குள் நடக்கிறது. 'மருத்துவர்கள் மறைக்கும் ரகசியம்' என்று தலைப்பு. பார்த்து முடித்தால் ஒரு புட்டியின் விலை. சர்க்கரை வியாதியையும் புற்றுநோயையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லி வரை சுவர்களைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். அந்தச் சட்டத்தின் கதி தெரியும்.

"அப்படியானால் ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாம் யோக்கியர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. தலைவலிக்குப் போனவனைத் தலை முதல் கால் வரை படம் எடுத்து அனுப்பும் இடங்களையும் நான் அறிவேன். ஏழை ஜனங்கள் வைத்தியரிடம் ஓடுவதற்கு அந்தக் கொள்ளையும் ஒரு காரணம். ஆனால் ஒருவன் திருடன் என்பதால் அடுத்தவன் உத்தமனாகிவிட மாட்டான். ஊசியால் தீங்கே வராது என்றும் நான் சொல்லவில்லை. அஸ்ட்ராஜெனகா ஊசியால், நம் ஊரில் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டதுதான், மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைகிற கோளாறு வருகிறது என்று 2021-இலேயே தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தது வதந்தியல்ல. எத்தனை பேருக்குப் போட்டோம், எத்தனை பேருக்கு வந்தது, போடாதவர்களுக்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்த வைத்திய விஞ்ஞானம்தான். விவேக் போட்டுக்கொண்டதோ கோவேக்ஸின். அது வேறு ஊசி.

எண்ணிப் பார்ப்பது மேனாட்டு வித்தை, நமக்கு ஒட்டாது என்பவர்களுக்கு ஒரு விஷயம். காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்க வைத்துச் சத்தான உணவு கொடுத்தால்தான் பிழைப்பான் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. 1956-இல் சென்னையில், ஏழை நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். யார் எந்தக் கூட்டம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஒரு கூட்டம் சானடோரியத்துக்குப் போயிற்று. இன்னொன்று நெருக்கடியான வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு, அதே மருந்தைச் சாப்பிட்டது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தின் போக்கே மாறிற்று. நம் ஊர்க் குடிசை ஜனங்கள் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. எந்த மருந்தானாலும், சித்தமோ ஆயுர்வேதமோ அலோபதியோ, இந்தத் தராசில் ஏறட்டும். நின்றால் கும்பிடுவோம்.

அந்த டர்னருக்கு இது புரியாத சமாசாரமல்ல. மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு ஜாப்பைக் கீழே வைக்க மாட்டார். டிராயிங்கில் உள்ள அளவுக்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் ரிஜெக்ட். "கண்ணு பாக்குறத நம்பாத, அளவ நம்பு" என்று பயல்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். இந்த வட்டாரமே அப்படிப்பட்டது. ஆவடியில் டாங்கி செய்கிறவர்கள், அம்பத்தூரில் வால்வும் பல்சக்கரமும் கடைகிறவர்கள், எல்லாரும் அளந்து பிழைக்கிறவர்கள். இரும்புக்கு வைக்கிற அளவுகோலை உடம்புக்கு மட்டும் ஏன் வைப்பதில்லை? கேட் தாண்டும்போது அதையும் கருவி அறையில் கொடுத்துவிட்டு வருகிறோமா?

மே மாதம் வந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் நோய் கண்ட அந்த வாரத்தில் அவர் போய்விட்டார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று எழுதினால் கட்டுரைக்கு நல்ல முடிவாக இருக்கும். ஆனால் எழுதமாட்டேன். ஒரே ஒரு மனிதரை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால் நானும் காக்கையையும் பனம்பழத்தையும் முடிச்சுப் போட்டவனாவேன். ஒரு மாதத்துக்குள் ஒரு ஊசி அவரை எவ்வளவு காப்பாற்றியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. போட்டவர்களில் சாவு குறைவு, போடாதவர்களில் அதிகம். அதுதான் எண்ணிப் பார்த்ததில் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த இன்னொன்றும் உண்டு. அவருக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் வார்த்தை இருந்தது. "அண்ணே, ஒரு பீஸைப் பாத்துட்டு லாட்டையே ரிஜெக்ட் பண்ணுவியா?" என்று கேட்டிருந்தால் போதும். அவர் தொழில் பாஷை அது. நாகரிகம் கருதி நான் கேட்கவில்லை.

இப்போது அதே கடையில் யாராவது கைபேசியை நீட்டி, "இத சாப்பிட்டு ஒருத்தருக்குக் கிட்னி சரியாயிடுச்சு சார்" என்றால், "எத்தனை பேர் சாப்பிட்டாங்க? எத்தனை பேருக்குச் சரியாகல?" என்று கேட்டுவிடுகிறேன். என்னைக் கண்டால் சிலர் பெஞ்சை விட்டு எழுந்துபோகிறார்கள். போகட்டும்.