சந்தேகம் வந்தால் திரும்பாதே!

“பிரம்பைக் கீழே வைக்கச் சொன்னால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டீரே, வாத்தியாரே!”

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து இப்படிக் குரல் கொடுத்தபோது மணி அதிகாலை நாலரை. நான் காக்கி உடுப்பும் கனத்த பூட்ஸுமாகப் பள்ளிக்கூடத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தேன். உண்மையில் என் கையில் இருந்தது துப்பாக்கியன்று. மனைவி கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலந்தான். ஆனாலும் பெரியவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிள்ளைகளுக்கு இலக்கணமும் கணக்கும் போதிக்க வேண்டியவன், அவர்களைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு ஏன் அழைத்துப் போக வேண்டும்?

என்.ஸி.ஸி. என்று யாவரும் அறிந்த தேசிய மாணவர் படையின் எங்கள் பள்ளிப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால், நாகபுரிக்கு அருகிலுள்ள காம்ட்டியில், என் போன்ற ஆசிரியர்களுக்கென்று நடக்கும் பயிற்சிக் கழகத்தில் நானும் ஓடினேன், தவழ்ந்தேன், சுட்டேன். அங்கே இறங்கிய தொந்தி வீடு திரும்பிய ஆறே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

பையன்களைச் சுடுவதற்கு அழைத்துப் போகும்முன் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். நாற்பது சம்மதச் சீட்டுகளில் ஒன்றில் மட்டும் கையெழுத்தின் கீழே ஒரு வரி அதிகமாக இருந்தது: “ஒரே பிள்ளை. கவனமாகப் பார்த்துக்கொள்ளவும்.” தையல் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு தாயார் எழுதியது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அந்தப் பையன் சாது. வகுப்பில் சந்தேகம் கேட்பதில் முதல்வன். சீட்டைப் படித்துவிட்டு மற்றச் சீட்டுகளோடு சேர்த்து வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்த நாட்டு ஜனங்களை அவர்கள் சொந்த மண்ணிலேயே நிராயுதபாணிகளாக்கியது. அனுமதிச் சீட்டு இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கோ அந்த நிர்ப்பந்தம் இல்லை. “உங்களை நாங்கள் நம்பவில்லை” என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து. ஆகவேதான் 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சுயராஜ்யத்தில் ஜனங்களுக்கு இருக்க வேண்டிய உரிமைகளை வகுத்தபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. அஹிம்சையைத் தன் வழியாகக் கொண்டிருந்த சபை அது என்பதை நாம் மறக்கலாகாது. ஆயுதத்தைத் தொட அனுமதியில்லாதவன் அதைத் தொடாமல் இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை அல்லவா?

1946-இல் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ருவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் யோசனையை ஒட்டி 1948-இல் சட்டம் செய்யப்பட்டு, மாணவர் படை பிறந்தது. மறு வருஷமே பெண்களுக்கும் பிரிவு ஏற்பட்டது. சீன யுத்தத்துக்குப் பின் 1963-இல் இந்தப் பயிற்சி கட்டாயமாகி, 1968-இல் மீண்டும் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆக, நம்பாதவர்கள் பிடுங்கிய பொருளை, நம்பி நம் குழந்தைகள் கையில் கொடுத்திருக்கிறது சுதந்திர நாடு. அந்த நம்பிக்கை எவ்வளவு கனமானது என்பதை அன்று பகல் பத்து மணிக்கு நான் அறிந்துகொண்டேன்.

ஊருக்கு அப்பால், ஏரிக்கரையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர் நடை. மைதானத்தின் கோடியில் பனை உயரத்துக்கு ஒரு மண்மேடு. அதன் அடியில் ஐந்து இலக்குப் பலகைகள். அவற்றிலிருந்து இருபத்தைந்து மீட்டர் தள்ளி மணல் மூட்டைகள். பாயின்ட் இருபத்திரண்டு ரைபிள் என்பது பார்வைக்கு ஒல்லியான சாதனம். தோட்டாவோ சுண்டுவிரலில் பாதிகூட இராது. இதற்கா இவ்வளவு பெரிய மேடு என்று பையன்கள் கேட்டார்கள். அந்தச் சிறு குண்டு தடையில்லாமல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போகும் என்று ஹவில்தார் சொன்னதும் சிரிப்பு அடங்கிற்று. நாற்புறமும் சிவப்புக் கொடிகள் ஏறின. ஆடு மேய்ப்பவர்கள் தவறி உள்ளே வராதபடி இரண்டு பையன்கள் விசிலுடன் காவல் நின்றார்கள்.

ஒரு தடவைக்கு ஐவர். ஆளுக்கு ஐந்து தோட்டா. தரையில் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, இடது முழங்கையைத் துப்பாக்கிக்கு நேர் கீழே ஊன்றி, கட்டையைத் தோளில் இறுக்கிக் கன்னத்தை அதன்மேல் பதிக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். முழங்கையின் கீழே ஒரு பருக்கைக்கல் இருந்தால் போதும். இரண்டு நிமிஷத்தில் உலகமே அந்தக் கல்லுக்குள் அடங்கிவிடும். கண்ணில் வியர்வை இறங்கும். துடைக்கக் கை கிடையாது.

சுடுவதற்கு முன் ஹவில்தார் ஒரு வேடிக்கை செய்தார். தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழல்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்தச் சொன்னார். வெடுக்கென்று இழுத்தவர்களின் நாணயமெல்லாம் மண்ணில் விழுந்தது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். மூச்சைப் பாதி விட்டு, மீதியை நிறுத்திக்கொள்ள வேண்டும். “எப்போது வெடிக்கும் என்று உனக்கே தெரியக் கூடாது” என்றார் அவர். வெடிக்கப் போகிறது என்று தெரிந்தால் உடம்பு முன்கூட்டியே பயந்து குலுங்கிவிடுமாம்.

இலக்குத் தாள்களைப் பார்த்தபோது மற்றொரு விஷயம் விளங்கியது. ஒரு பையனின் ஐந்து துளைகளும் நடுவட்டத்தை விட்டு விலகி, ஆனால் ஒரே இடத்தில் நெருங்கி இருந்தன. இன்னொருவனின் துளைகளில் ஒன்று நடுவட்டத்திலேயே விழுந்திருந்தது. மற்றவை நாலா திசையிலும் சிதறிக் கிடந்தன. ஹவில்தார் தட்டிக் கொடுத்தது முதல் பையனைத்தான். ஒரே மாதிரித் தவறுகிறவனைத் திருத்திவிடலாம். குறி பார்க்கும் கருவியைச் சிறிது நகர்த்தினால் போதும். தற்செயலாக நடுவட்டத்தை அடித்தவனை எங்கிருந்து திருத்துவது? கணக்கு நோட்டுகளைத் திருத்தும் எனக்கு இது புதிய சேதியன்று. ஆனாலும் இருபது வருஷமாகச் சொல்லத் தெரியாமல் இருந்ததை ஒரு காகிதத்தில் ஐந்து துளைகள் சொல்லிவிட்டன.

இனி, அந்தப் பத்து மணி.

ஆறாவது ஐவர் படுத்திருந்தார்கள். இடக்கோடியில் அந்த ஒரே பிள்ளை. நான் அவனுக்குப் பின்னால் நாலு தப்படி தள்ளி நின்றேன். ஆனால் என் கண்கள் இலக்குப் பலகைமேல் இருந்தன. இரண்டு குண்டுகள் நன்றாகப் போயின. மூன்றாவது தடவை “டிக்” என்று ஒரு சப்தம் மட்டும் கேட்டது. தோட்டா வெடிக்கவில்லை. இந்த ரகத் தோட்டாவில் பற்றிக்கொள்ளும் மருந்து அடிவிளிம்பில்தான் இருக்கிறது. ஊசி அடிக்கும் இடத்தில் அது சரியாகப் பரவியிராவிட்டால் இப்படி நேர்வதுண்டு. சில சமயம் சற்றுத் தாமதித்து வெடிப்பதும் உண்டு. ஆகையால் குழலை இலக்குக்கு நேராகவே வைத்துக்கொண்டு அரை நிமிஷமாவது அசையாமல் காத்திருக்க வேண்டும் என்பது விதி.

பையன் காத்திருக்கவில்லை. “ஸார், வெடிக்கலையே!” என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கமாக என்னை நோக்கிப் புரண்டான். அவனோடு துப்பாக்கியும் புரண்டது. அதன் வாய் பக்கத்தில் படுத்திருந்த நால்வரின் தலைகளையும் வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தது.

நான் நின்ற இடத்திலேயே மரமாய் நின்றேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஹவில்தார் எப்படி வந்தாரோ தெரியாது. ஒரே எட்டில் குனிந்து, குழலைப் பிடித்துத் தரையோடு அமுக்கி, முன்பக்கம் திருப்பிவிட்டார். மற்றவர்களுக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு பறந்தது. அரை நிமிஷம் கழிந்தது. அதைவிட நீண்ட அரை நிமிஷத்தை நான் கண்டதில்லை. பிறகு அவர் போல்ட்டைத் திறந்து, வெடிக்காத அந்தத் தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பையனை அவர் வையவில்லை. “துப்பாக்கிக்கு ஒரு பக்கந்தான் உண்டு, தம்பி. அது முன்பக்கம்” என்று மட்டும் சொன்னார்.

வேப்ப மரத்தடியில் பையனைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். “விதியைச் சொல்லிக் கொடுத்தேனே, மறந்துவிட்டாயா?” என்றேன். “மறக்கவில்லை ஸார். ஆனால் சந்தேகம் வந்தால் உடனே திரும்பி என்னைக் கேள் என்று தினமும் வகுப்பில் சொல்வீர்களே!” என்றான்.

அவன் என்மேல் குற்றம் சொல்லவில்லை; நடந்ததைச் சொன்னான். ஆனால் குற்றம் என்னுடையதுதான். துப்பாக்கி விதியை அவன் காதுக்கு ஒரு முறை சொன்னேன். திரும்பிக் கேட்கும் பழக்கத்தை அவன் உடம்புக்கு ஒரு வருஷமாக ஊட்டியிருந்தேன். நெருக்கடியான சமயத்தில் உடம்பு தனக்குப் பழகியதைத்தான் செய்யும். காதில் விழுந்ததைச் செய்யாது.

துரோணர் மரத்தில் ஒரு பறவையை வைத்துச் சீடர்களைச் சோதித்த கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். மரமும் தெரிகிறது, தம்பியரும் தெரிகிறார்கள், ஆசாரியரும் தெரிகிறார் என்ற தருமபுத்திரரை வில்லைக் கீழே வைக்கச் சொன்னார். பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்ற அர்ஜுனனை அம்பு தொடுக்கச் சொன்னார். இக்கதையை நான் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லி அர்ஜுனனைப் புகழ்ந்திருக்கிறேன். அன்று அந்த வேப்ப மரத்தடியில் எனக்குத் தருமபுத்திரர்மேல் புதிய மரியாதை உண்டாயிற்று. சுடுகிறவன் அர்ஜுனனாக இருக்கட்டும். அவன் பின்னால் நிற்கிறவன், மரத்தையும் பறவையையும் தம்பியரையும் ஒருங்கே பார்க்கும் தருமபுத்திரனாகவே இருக்க வேண்டும். நானோ பிறர் பிள்ளைகளைக் காக்க நின்ற இடத்தில் அர்ஜுனனாகப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகல், சுடாத பயிற்சி. கையில் மரத் துப்பாக்கி. ஓட வேண்டும், சட்டென்று விழ வேண்டும், விழுந்த இடத்திலிருந்து தவழ்ந்து அப்பால் போய்த் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும், பிறகு குறி வைக்க வேண்டும். நெருஞ்சி முள் நிறைந்த செம்மண் தரை. நூறு மீட்டர் ஓடி விழுந்தவனுக்கு இலக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை; மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் குதிக்கிறது. காலையில் மூட்டையில் சாய்ந்து ஐந்துக்கு ஐந்து அடித்த சூரர்களெல்லாம் வாய் பிளந்து கிடந்தார்கள். நானும் தவழ்ந்தேன். தொந்தி தரையில் உழுத சாலில் விதை தூவியிருக்கலாம். அந்தப் பையன் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். நான் இம்முறை அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரக்கட்டைதானே என்று அவன் ஒரு தடவைகூட அலட்சியம் செய்யவில்லை. அதன் வாய் எப்போதும் முன்னாலேயே இருந்தது.

புறப்படும்முன் காலித் தோட்டாக்களை எண்ணினோம். இருநூறு கொடுத்தது, ஒன்று வெடிக்கவில்லை, நூற்றுத் தொண்ணூற்றொன்பது வர வேண்டும். ஒன்று குறைந்தது. அரை மணி நேரம் நாற்பது பேரும் மண்ணைச் சலித்தோம். கடைசியில் அது ஒரு பையனின் மடித்துவிட்ட சட்டைக் கைக்குள் இருந்தது. தெறித்து விழுந்தபோது சுட்டதாம். எறும்பு கடிக்கிறது என்று எண்ணினானாம்! ஒரு பித்தளைக் குப்பிக்கு இவ்வளவு கணக்குக் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு எவ்வளவு கணக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணியபடியே வீடு திரும்பினேன்.

இரவு சரியாகத் தூக்கம் இல்லை. யாருக்கும் ஒன்றும் நேரவில்லையே, ஏன் சொல்லிக் கலவரப்படுத்த வேண்டும் என்றது மனத்தின் ஒரு பாதி. மறுநாள் காலை அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனேன். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். என் பிழையையும் சொன்னேன். அந்த அம்மாள் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

“பையன் நேற்று ராத்திரியே எல்லாம் சொல்லிவிட்டான், ஸார். நீங்கள் வருகிறீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் பள்ளித் தாழ்வாரத்தில் எங்களுக்கு ஒரு பாடம் நடக்கிறது. பையன்கள் மரத் துப்பாக்கியுடன் படுத்திருப்பார்கள். நான் பின்னால் நின்று, “டிக்” என்று நாக்கைத் தட்டுவேன். உடனே, தலையைத் திருப்பாமல், குழலை அசைக்காமல், இடது கையை மட்டும் உயர்த்த வேண்டும். நான் அருகில் போய்த் தோளைத் தொடும்வரை அப்படியே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தவன் ஆசிரியரை நோக்கித் திரும்ப வேண்டியதில்லை. ஆசிரியன்தான் அவனை நோக்கிப் போக வேண்டும்.

அடுத்த பயிற்சிக்குச் சம்மதச் சீட்டுகள் வந்துவிட்டன. நாற்பதும் இருக்கின்றன. அந்தத் தாயாரின் கையெழுத்துக்குக் கீழே இம்முறை வரி ஒன்றும் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.